கோர்ட்டுக்கு வந்த தாம்பூலத் தட்டு

கோபத்தை அடக்கப் பழகிக்கொண்டு வா என்று கோர்ட் என்னை அனுப்பிய இடம் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. முதல் வாரம் காரில் போனேன். பார்க்கிங் தேடிச் சுற்றோ சுற்றென்று சுற்றி, ஒரு டாக்சிக்காரரோடு வாய்ச்சண்டையும் போட்டுவிட்டு, மூச்சு வாங்க மாடியேறினேன். "இன்னிக்கு எப்படி இருக்கீங்க அங்கிள்?" என்று கேட்ட கவுன்சலர் பெண்ணிடம், "அமைதியா இருக்கேன்மா" என்று வாய் கூசாமல் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து கிள்ளானில் ரயில் ஏறிவிட்டேன். பிறகு எனக்குக் கோபம் குறைந்தது உண்மை. அதில் வகுப்பின் பங்கு எவ்வளவு, ரயிலின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பிரேக் என்று கத்தினால் எண்ணெயை, அதாவது ஆக்சிலேட்டரை, மிதிக்கிற பிள்ளைகள் பக்கத்தில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருக்கிற தொழில். எவ்வளவு பொறுமையான மனிதர் என்று ஊரில் சொல்வார்கள். என் மனைவி கேட்டால் சிரிப்பாள். "பொறுமைய எல்லாம் அங்கேயே செலவு பண்ணிட்டு, மிச்சத்த வீட்டுக்குக் கொண்டு வர்றாரு" என்பாள்.

அந்த மிச்சம்தான் என்னைக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

எனக்கு ஒரே தங்கை. அவளுக்கு ஒரே மகள். அந்தப் பிள்ளைக்குக் காது குத்தியது என் மடியில். வலி தாங்காமல் என் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. பல்லே சரியாக முளைக்காத வயதில் அப்படி ஒரு கடி. பெரிய பிள்ளையானபோது சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு போனவன் நான். கல்யாணம் என்றால் அவள் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டியவனும் நான்தான். தாய்மாமன் என்பது எங்களிடம் உறவுப் பெயர் மட்டுமல்ல, ஒரு வேலை. அந்த வேலைக்கு ஆளை முறைப்படி அழைக்க வேண்டும். தங்கையும் அவள் கணவரும் சேர்ந்து வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், குங்குமம் எல்லாம் தட்டில் வைத்து, முதல் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்து நிற்க வேண்டும். என் தங்கை கணவரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை மச்சான் என்பார்.

பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது.

எனக்கென்று தனியாகக்கூட வரவில்லை. குடும்பக் குழுவில் வந்தது. பிள்ளையார் கண் சிமிட்டினார், மேலிருந்து ரோஜாப்பூ கொட்டியது, நாதஸ்வரம் வாசித்தது. எல்லோரும் கும்பிடு போட்டார்கள். பினாங்கில் இருக்கும் ஒரு சித்தப்பா, யாருக்குக் கல்யாணம் என்று தெரியாமலேயே ஒரு கேக் படம் அனுப்பினார். இரண்டு நாள் தட்டு வருமென்று காத்திருந்தேன். மூன்றாம் நாள் கார் எடுத்தேன்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வு பார்க்கிறவர். அதிகம் பேசாதவர். அன்றைக்குக் கேட்டைத் திறந்தவர் "வாங்க" என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் உள்ளே போய், காப்பி குடித்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பியிருப்பேன். அவர் என் முகத்தைப் பார்த்ததுமே பயந்துபோய், "இப்பல்லாம் எல்லாருக்கும் இப்படித்தான் மச்சான் அனுப்பறோம்" என்றார்.

எல்லாருக்கும். அந்தச் சொல்தான் உள்ளே போய்ச் சுருக்கென்று குத்தியது. கேட் ஓரத்தில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருந்தது. நானே கன்று கொடுத்து வளர்ந்த செடி. அதைத் தூக்கித் தரையை நோக்கித்தான் எறிந்தேன். அது அவர் கார்க் கண்ணாடியை நோக்கிப் போனது.

அதன் பிறகு நடந்ததில் யாருக்குமே கெட்ட எண்ணம் இல்லை என்பதுதான் வேடிக்கை. இன்சூரன்ஸில் கண்ணாடி மாற்ற வேண்டுமென்றால் போலீஸ் ரிப்போர்ட் வேண்டும். அதற்காகத்தான் மாப்பிள்ளை ஸ்டேஷனுக்குப் போனார். கண்ணாடி எப்படி உடைந்தது என்று கேட்டார்கள். தர ஆய்வு பார்க்கிற மனிதர், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். யார் எறிந்தார், எதை எறிந்தார், என்ன செடி என்பது வரை. சில வாரங்களில் நான் கிள்ளானில் மாஜிஸ்திரேட் முன்னால் நின்றேன்.

மாஜிஸ்திரேட்டுக்கு என்னிடம் கார் பழக வரும் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் என் குற்றத்தை நல்ல தமிழில் படித்தார். அந்தத் தமிழில் கேட்டபோது நான் ஏதோ கோட்டையை இடித்தவன் மாதிரி இருந்தது. மாஜிஸ்திரேட் கண்ணாடியைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. எதற்காக எறிந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர், தண்டனை கொடுத்தால் வழக்கு முடியும், குடும்பம் முடியாது, இந்தக் குடும்பம் குணமாக வேண்டும் என்றார். நான் கவுன்சலிங் போக வேண்டும். பிறகு இரு தரப்பும் சமரச அறையில் உட்கார்ந்து பேச வேண்டும். பேசித் தீர்ந்தால் வழக்கைத் திரும்பப் பெறலாம். அதுவரை நான் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் போகக்கூடாது, அவர்களோடு எந்தத் தொடர்பும் கூடாது.

கேரி தீவுத் தோட்டத்தில் என் அப்பா காலத்தில் இப்படிச் சண்டை வந்தால், கோயில் தலைவர் இரண்டு பேரையும் நிற்க வைத்து, அவர்கள் பரம்பரையைச் சேர்த்துத் திட்டி அனுப்புவார். ஒரு சிகரெட் பிடிக்கிற நேரத்தில் குடும்பம் குணமாகிவிடும். இங்கே தேதி கொடுத்தார்கள். கோர்ட் கொடுத்த தேதி கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் வந்தது. அன்றைக்குத் தீரவில்லை என்றால், தங்கை மகள் மணவறைக்கு வரும்போது நான் சட்டப்படி அந்த மண்டபத்தின் பக்கமே இருக்கக்கூடாது. அதை நினைத்தால் ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆனால் அழைக்காத கல்யாணத்துக்குக் கவலைப்படுகிறேன் என்று யாரிடம் சொல்வது?

என் மனைவிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. "ஆர்டர் உங்களுக்குத்தான், எனக்கு இல்ல லா" என்று சொல்லிவிட்டு, அதிரசம் சுடத் தங்கை வீட்டுக்குப் போய்வந்தாள். வரும்போது ஒரு டப்பா அதிரசமும் சேதியும் கொண்டுவருவாள். அதிரசத்தைத் தொடமாட்டேன். சேதியைக் கேட்காத மாதிரி கேட்டுக்கொள்வேன். "ஒங்க வீட்டுல இனிமே ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டாராம் ஒங்க மாப்பிள்ள" என்றாள் ஒரு நாள். "நல்லதாப் போச்சு, பில்லு கொறையும்" என்றேன். அப்படிச் சொன்னேனே தவிர, அது என்னை உலுக்கிவிட்டது. கை நனைக்க மாட்டேன் என்று எங்களிடம் ஒருவர் சொன்னால் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் வகுப்புக்கு வருவோம். கவுன்சலர் பெண் நல்ல பிள்ளை, நன்றாகப் படித்தது. மூச்சை இழுத்து விடச் சொன்னது. கீழே சாப்பாட்டுக் கடையில் மீன் பொரிக்கும்போது மூச்சை இழுத்தால் கோபம் போகாது, பசிதான் வரும். "இந்த மொமென்ட்ல என்ன ஃபீல் பண்றீங்க அங்கிள்?" என்று கேட்டது.

"வஞ்சிர மீனுன்னு நெனைக்கிறேன்" என்றேன்.

ஒரு நாள் என் எதிரே காலி நாற்காலி ஒன்றைப் போட்டது. "அங்கிள், இதுல உங்க மச்சான் உக்காந்திருக்காருன்னு நெனச்சுக்குங்க. மனசுல உள்ளத அவர்கிட்டச் சொல்லுங்க."

"மாப்பிள்ள" என்று திருத்தினேன்.

"ஓகே, மாப்பிள்ளை. சொல்லுங்க."

நாற்காலியைப் பார்த்தேன். "அவரு வந்து உக்காந்துட்டாருன்னா மொதல்ல தண்ணி குடுக்கணும்மா. எடுத்ததுமே எப்படிச் சண்ட போடறது?"

"சரி, தண்ணி குடுங்க."

"குடிக்க மாட்டாரு."

பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டது. அதன் படிப்பில் இதற்கு இடம் இல்லை போலிருக்கிறது. "சரி அங்கிள், அவர் என்ன பண்ணியிருந்தா உங்களுக்கு ஹர்ட் ஆகியிருக்காது?"

"தட்டு வச்சு அழைச்சிருக்கணும்."

"என் ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் எனக்கு வாட்ஸ்அப்லதான் அனுப்பறாங்க. நான் ஒண்ணும் நெனைக்கறதில்லயே."

"நீ யாருக்கும் தாய்மாமன் இல்லம்மா" என்றேன். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. வகுப்பில் எனக்குக் கிடைத்த நல்ல மருந்து அதுதான்.

சமரசத் தேதி வந்தது. மனைவியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால், அவளோ என் தங்கை வீட்டில் மஞ்சள் கட்டும் வேலை இருக்கிறது என்று போய்விட்டாள். தனியாகப் பஸ் ஏறிப் போனேன். சமரசம் பேசிவைக்கும் அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, என் வயதுக்காரர். மேசையில் மூன்று மினரல் தண்ணீர்ப் புட்டிகள் வைத்திருந்தார். எங்கள் பேச்செல்லாம் மலாயும் தமிழும் கலந்துதான் போனது. அவர் சொன்னதை இங்கே தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

மாப்பிள்ளையும் தங்கையும் உள்ளே வந்தார்கள். தங்கை இளைத்திருந்தாள். கையில் ஒரு பெரிய துணிப்பை. மூன்று மாதமாகப் பார்க்காத முகம். அவள் என்னைப் பார்த்தாள், நான் மேசையைப் பார்த்தேன்.

அதிகாரி ஒவ்வொருவரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டார். "சாரி சொல்லணும்" என்றார் மாப்பிள்ளை. "வீட்டுக்கு வந்து அழைக்கணும்" என்றேன் நான். யார் முதலில் என்று கேட்டார். நாலு ரோடு சந்திப்பில் நாலு பேரும் நீ போ என்று நிற்பார்களே, அந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் குடும்பத்தில் சாரி என்பது ரயிலில் அந்நியர் காலை மிதித்தால் சொல்கிற வார்த்தை. சொந்தக்காரர்களிடம் அதைச் சொன்னால் அவர்களையும் அந்நியராக்கின மாதிரி இருக்கும். அதை அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தங்கை துணிப்பையைப் பிரித்தாள். பித்தளைத் தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமம், மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாம் இருந்தன. தேங்காய் மட்டும் இல்லை.

"தேங்காய வாசல்ல புடிச்சு வச்சுக்கிட்டாங்க" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "எறிஞ்சா அடி படுமாம்."

என் மேல் இருக்கிற வழக்கு அந்தக் காவலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. அந்த வேகத்தில் வாய் முந்திக்கொண்டது. "கோர்ட்டுல வச்சுக் குடுத்தா இதுக்குப் பேரு அழைப்பு இல்ல, சம்மன்."

தங்கை என்னிடம் சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பேசினாள். "வேற எங்கண்ணே வச்சுக் குடுக்கறது? நீங்க எங்க வீட்டுக்கு வரக்கூடாது. ஒங்க வீட்டுக்கு நாங்க வந்தாலும் ஒங்க மேல தப்பாயிடும்னு வக்கீலு சொல்றாரு. போனும் பண்ணக்கூடாது. நடுரோட்டுல வச்சா குடுப்பேன்? வாட்ஸ்அப்ல அனுப்பினது தப்புதான். எல்லாருக்கும் அனுப்பிட்டு, ஞாயித்துக்கெழம தட்டோட வரலாம்னுதான் இருந்தோம். நீங்க வெள்ளிக்கெழமையே வந்து தொட்டியத் தூக்கிட்டீங்க!"

அந்த மலாய் அம்மாள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வெற்றிலையை விரலால் தொட்டு, "சிரே" என்றார், வெற்றிலையின் மலாய்ப் பெயரை. எங்கள் மலாய்க் கல்யாணத்திலும் சிரே போகாமல் ஒரு பேச்சும் நடக்காது, இது முறையாகப் போகாததால்தான் என் அம்மா ஊர்ப் பேச்சுக்கு ஆளானார், இது வீட்டு வாசலில்தான் போக வேண்டும் என்றார். வாரக்கணக்கில் நான் அந்தத் தமிழ்க் கவுன்சலர் பிள்ளைக்கு விளக்கி விளக்கி வாய் வலித்துப்போன விஷயம். இவருக்கு ஒரு வெற்றிலையைத் தொட்டதும் விளங்கிவிட்டது.

அவர் எழுந்து தம் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டார். மதியம் வரை இந்த அறை என் பொறுப்பு, இதை உங்கள் அண்ணனுக்கு இரவல் தருகிறேன், இனி இது அவர் வீடு, என்னை வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு தங்கையையும் மாப்பிள்ளையையும் பார்த்து, நீங்கள் இரண்டு பேரும் வெளியே போய்க் கதவைத் தட்டுங்கள் என்றார்.

காலி நாற்காலியோடு பேசச் சொன்னபோதே நான் படாதபாடு பட்டவன். இது என்ன கூத்து என்று நினைத்தேன். அதற்குள் கதவு தட்டும் சத்தம் கேட்டது. எழுந்து போய்த் திறந்தேன்.

வெளியே நடைபாதையில் ஊதா நிற லாக்கப் சட்டையில் சிலர் விலங்கோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு வக்கீல் போனில் கத்திக்கொண்டிருந்தார். அதற்கு நடுவில் என் தங்கை தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தலையில் முந்தானை போட்டு நின்றாள். பக்கத்தில் மாப்பிள்ளை, சட்டைக் கையைப் பட்டன் போட்டு இறக்கிவிட்டுக்கொண்டு.

வாசலில் வந்து நிற்கிறவர்களை எங்கள் வீட்டில் யாரும் வாங்க என்று சொல்லாமல் விட்டதில்லை. சண்டைக்கு வந்தவனைக்கூட வாங்க என்று சொல்லிவிட்டுத்தான் சண்டை போடுவோம். அது யோசித்து வருகிற சொல் இல்லை.

"வாங்க மாப்பிள்ள" என்றேன். "வாம்மா."

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது. மேசையிலிருந்து ஒரு தண்ணீர்ப் புட்டியை எடுத்து, மூடியைத் திருகி, மாப்பிள்ளை முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். தங்கை அவரைப் பார்த்தாள்.

எடுத்துக் குடித்தார். ஒரு மடக்கு இல்லை, புட்டி முழுவதையும் குடித்தார். பிறகு எழுந்து நின்றார். தங்கையும் எழுந்தாள். இரண்டு பேரும் தட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"பிள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்கோம் மச்சான்" என்றார். "நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

பிள்ளையார் கண் சிமிட்டியபோதும் நாதஸ்வரம் வாசித்தபோதும் நான் தேடிக்கொண்டிருந்தது இந்த ஒரு வரியைத்தான். தட்டை வாங்கினேன். அழுகை வந்துவிட்டது, அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை.

சாரி சொன்னாயா என்று கேட்பீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கார் கண்ணாடி போட்டாச்சா மாப்பிள்ள?" என்று கேட்டேன்.

"போட்டாச்சு மச்சான். முன்ன இருந்தத விட நல்லாருக்கு."

எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர் சாரி. பதிலுக்கு அவர் சொன்னதற்குப் பெயர் மன்னிப்பு. மலாய் அம்மாள் தம் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார்.

அன்று காலையே மாஜிஸ்திரேட் முன்னால் போனோம். மாப்பிள்ளை வழக்கைத் திரும்பப் பெற்றார். தடை நீங்கியது. மிச்சமுள்ள வகுப்புகளையும் முடித்துவிடுங்கள், நல்லதுதானே என்று மாஜிஸ்திரேட் சிரித்தார். பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் நான் நடந்ததைச் சொன்னபோது கவுன்சலர் பிள்ளை துள்ளிக் குதித்தது. "நான் நாற்காலி போட்டப்பவே சொன்னேன்ல அங்கிள், ரோல் பிளே ஒர்க் ஆகும்னு!" என்றது. ஆமாம்மா, எல்லாம் உன் நாற்காலிதான் என்றேன். கோபமே வரவில்லை.

அன்றைக்குக் கோர்ட் வாசலுக்கு வந்தபோது காவலர் எங்களைக் கூப்பிட்டார். "பாஸ், தேங்கா" என்று சொல்லி நம்பர் ஒட்டிய தேங்காயை என் கையில் கொடுத்தார். "சுடா செட்டல்?" என்று கேட்டார். தீர்ந்துவிட்டது என்று தலையாட்டினேன். கையில் தேங்காயோடு மாப்பிள்ளையின் கார் பக்கம் நடந்தேன். புதுக் கண்ணாடி வெயிலில் மின்னியது.

"மச்சான்" என்றார் மாப்பிள்ளை, சிரிக்காமல். "அத எங்கிட்டக் குடுத்துடுங்க."

தங்கை சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. நான் தேங்காயைக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தேன். "பெல்ட்டு போடுங்க" என்றார் மாப்பிள்ளை, கார் பழக்குகிற என்னிடம். போட்டேன். அவர் தம் வீட்டுப் பக்கம் திரும்புவார் என்று பார்த்தேன். என் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"எங்க போறோம்?"

"ஒங்க வீட்டுக்குத்தான். தேங்காய் இல்லாம குடுத்தது எப்படி மச்சான் சேரும்? மறுபடியும் வச்சுக் குடுத்துட்டுப் போறோம்."

எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொன்ன அதே மனிதர். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீடு வந்ததும் தேங்காயைத் தங்கை தட்டில் வைத்துவிட்டு, அவர்களுக்கு முன்னால் இறங்கி வேகமாக உள்ளே போனேன். கேட்டைச் சாத்தினேன். அவர்கள் இறங்கி, தட்டைச் சேர்த்துப் பிடித்து, வாசலில் வந்து நிற்கும்வரை உள்ளேயே நின்றேன். பிறகு கேட்டைத் திறந்து, "வாங்க மாப்பிள்ள" என்றேன்.